கார் இங்கே, தீர்மானம் எங்கே?

2024 ஆகஸ்டில் இரண்டே நாள் இடைவெளியில் ஒரே சாயலில் இரண்டு கார்கள் விற்பனைக்கு வந்தன. இரண்டும் எஸ்யூவி உயரம். இரண்டிலும் கூரை பின்பக்கமாகச் சரிந்து இறங்கும். முதலில் வந்தது டாடாவின் கர்வ் மின்சாரக் கார், அடுத்து வந்தது சிட்ரோனின் பசால்ட். ஒன்று உள்நாட்டுக் கார், மற்றது வெளிநாட்டுக் கார் என்று சொல்லிவிடுவது சுலபம். ஆனால் பசால்ட் தயாராவது திருவள்ளூரை அடுத்த அதிகத்தூரில். அதன் என்ஜின் வருவது ஓசூரிலிருந்து. வாங்குகிறவர் கடவூரிலோ கும்பகோணத்திலோ இருந்தாலும் அந்தக் கார் எந்தத் துறைமுகத்தையும் தாண்டி வந்ததல்ல. அப்படியென்றால் எதை வைத்து அதை வெளிநாட்டுக் கார் என்கிறோம்?

உள்நாட்டுக் கார் நிறுவனங்கள் வடிவமைப்பிலும் தரத்திலும் வெளிநாட்டுக் கார்களுக்கு ஈடுகொடுக்க முடியுமா என்ற கேள்வி சுதந்திரம் வந்த நாளிலிருந்து இருக்கிறது. வரி விவாதத்தில் அது தலைகாட்டும், பங்குச் சந்தைப் பக்கங்களில் தலைகாட்டும், டீக்கடை பெஞ்சிலும் தலைகாட்டும். கேள்வியைக் கேட்கும் விதமே பாதி தவறு என்று எனக்குத் தோன்றுகிறது. காரின் தலைவிதியை முடிவு செய்வது கம்பெனி முதலாளியின் கடவுச்சீட்டு அல்ல, ஆலை இருக்கும் ஊரும் அல்ல. இந்தக் கார் எப்படி இருக்க வேண்டும், எதைச் சேர்ப்பது, எதை விடுவது, எப்போது மாற்றுவது என்று முடிவெடுக்கும் ஆள் எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்பதுதான் முக்கியம். இதற்குச் சாட்சி தேடித் தொலைவுக்குப் போக வேண்டியதில்லை. திருவள்ளூர் மாவட்டம் ஒன்றே போதும்.

முதலில் இறக்குமதி விஷயத்தைப் பேசிவிடலாம். முழுதாகக் கட்டிய காரை வெளிநாட்டிலிருந்து இந்தியாவுக்குக் கொண்டுவந்தால் அதன் விலையில் 70 சதவீதமோ அதற்கு மேலுமோ சுங்கவரி கட்ட வேண்டியிருக்கும். 2025 மத்திய பட்ஜெட்டுக்குப் பிறகும் 40,000 டாலருக்கு மேற்பட்ட கார்களுக்கு அடிப்படை வரியும் மேல்வரியும் சேர்ந்து 110 சதவீதம் வருகிறது. 2025 ஜூலையில் மும்பையில் கடை திறந்த டெஸ்லா, மாடல் ஒய் காருக்கு ஏறத்தாழ 60 லட்சம் ரூபாய் விலை வைத்ததற்கு இறக்குமதி வரி ஒரு முக்கியக் காரணம். அதே காரைத் துண்டு துண்டாகக் கொண்டுவந்து இங்கே பூட்டினால் வரி பலமடங்கு குறையும். ஆகவே நம் சாலையில் ஓடும் வெளிநாட்டுப் பெயர்களில் மிகப் பெரும்பாலானவை இங்கே பூட்டியவை அல்லது இங்கேயே செய்தவை. நிஜமான இறக்குமதிக் கார் பணக்காரர் வீட்டுப் போர்ட்டிகோவில் நிற்கிறது. போட்டி நடப்பது இந்த வரிச் சுவருக்கு உள்ளேதான்.

இந்தச் சுவரை எழுப்பியது 1950களின் அரசு. 1953-ல் வரி ஆணையத்தின் பரிந்துரைப்படி, படிப்படியாக உள்நாட்டிலேயே உற்பத்தி செய்யத் திட்டம் வைத்திருப்பவர்களுக்குத்தான் அனுமதி என்றானது. வெறுமனே பூட்டி விற்றுக்கொண்டிருந்த ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் மூட்டை கட்டின. அதற்குச் சற்று முன்னால், 1948-ல், எண்ணூரில் ரகுநந்தன் சரண் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ் பிரிட்டனின் ஆஸ்டின் ஏ40 காரைப் பூட்டிக்கொண்டிருந்தது. இன்றைக்கு லாரிக்கும் பஸ்ஸுக்கும் பெயர் வாங்கிய அசோக் லேலண்டின் முதல் பிள்ளை ஒரு சின்னக் கார் என்பது பலருக்குத் தெரியாது. லேலண்ட் உள்ளே வந்ததும் அவர்கள் காரை விட்டுவிட்டார்கள். விட்டதால் பிழைத்தார்கள் என்றே நினைக்கிறேன்.

காரை விடாமல் பிடித்துக்கொண்டவர்களின் கதை வேறு. ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டை வாங்கி அம்பாசடர் ஆக்கியது. பம்பாயில் பிரீமியர் ஃபியட்டை எடுத்துக்கொண்டது. வண்டலூர் பக்கம் ஸ்டாண்டர்ட் மோட்டார் ப்ராடக்ட்ஸ், இத்தாலியின் ஜியோவானி மிக்கெலோட்டி வரைந்த ட்ரயம்ஃப் ஹெரால்டை 1961 முதல் செய்தது. சென்னைக்காரர்கள் பெருமைப்பட்ட கார் அது. நான்கு கதவு வைத்தும் விற்றார்கள். பிறகு கஸல் வந்தது. கடைசியாக 1985-ல் ஸ்டாண்டர்ட் 2000 வந்தது. அதன் உடல், 1977-ல் ஐரோப்பாவின் சிறந்த கார் என்று பரிசு வாங்கிய ரோவர் எஸ்டி1. என்ஜினோ 1940களின் வான்கார்ட் காரின் வழிவந்தது. பரிசு வாங்கிய உடலுக்குள் பாட்டன் காலத்து என்ஜினை வைத்ததும் வண்டி பெட்ரோலைக் குடித்தது, இழுவையும் இல்லை. விலையோ மாருதி 800 வாங்க நினைப்பவர் எட்ட முடியாத உயரத்தில். சில ஆண்டுகளிலேயே ஆலை படுத்துவிட்டது.

சுவருக்குள் நாற்பது ஆண்டு உட்கார்ந்திருந்தவர்கள் ஏன் ஒரு நல்ல என்ஜின்கூடச் செய்யவில்லை? திறமை இல்லை என்று சொல்பவர்களை நான் நம்புவதில்லை. வாங்குபவர் பணம் கட்டிவிட்டு வருடக்கணக்கில் காத்திருக்கும்போது மாற்ற வேண்டிய அவசியம் யாருக்கு? உற்பத்தி அளவுக்கு லைசென்ஸ், அந்நியச் செலாவணிக்கு அனுமதி என்று எல்லாவற்றுக்கும் டெல்லியில் காத்திருக்க வேண்டியிருந்தபோது தகடு அழுத்தும் அச்சான புது டை வாங்கப் பணம் போடுவது பைத்தியக்காரத்தனம். அம்பாசடரின் கதவை இழுத்துச் சாத்தினால்தான் சாத்தும் என்பது தேசிய நகைச்சுவை ஆனது. ஆனால் அந்தக் கதவைச் சரிசெய்யும் டிராயிங் தேதி மாறாமல் கிடந்ததற்குக் காரணம் அம்பாசடர் செய்த உத்தரபாரா ஆலையின் ஃபிட்டர் அல்ல.

1993-ல் கார் தொழிலுக்கு லைசென்ஸ் தேவையில்லை என்றானதும் காட்சி மாறியது. திருவள்ளூரில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸுக்கு ஏற்கெனவே மண் தோண்டும் இயந்திரங்கள் செய்யும் பிரிவு ஒன்று இருந்தது. பின்னாளில் அதைக் கேட்டர்பில்லர் வாங்கிக்கொண்டது. அந்த மாவட்டத்திலேயே மிட்சுபிஷியோடு கைகோத்து ஒரு கார் ஆலை போட்டார்கள். 1998-ல் அங்கிருந்து லான்சர் வந்தது. அம்பாசடர் செய்த கம்பெனியா இதையும் செய்கிறது என்று பார்த்தவர்கள் வாயைப் பிளந்தார்கள். கதவுக்கும் ஃபெண்டருக்கும் நடுவே இடைவெளி சீராக ஓடும், பெயின்ட்டில் ஆரஞ்சுத் தோல் போன்ற சொரசொரப்பு தெரியாது, ஸ்டியரிங் கைக்கு வசமாக இருக்கும். ரேலி ஓட்டுபவர்கள் அதை விரும்பினார்கள். புதுப்பேட்டை மெக்கானிக்குகளிடம் இன்றும் லான்சர் என்று சொன்னால் ஒரு மரியாதை உண்டு. உடனே ஸ்பேர் கிடைப்பது கஷ்டம் என்ற எச்சரிக்கையும் உண்டு.

ஆக, தரம் பிரச்சினையே இல்லை. திருவள்ளூர்த் தொழிலாளி ஜப்பானிய அளவுக்கு நல்ல கார் பூட்ட முடியும் என்று 1998-லேயே காட்டிவிட்டார். பிறகு என்ன ஆயிற்று? இங்கே வந்த லான்சர், உலகச் சந்தையில் 1990களின் நடுவில் வந்த தலைமுறை. 2000-ல் மிட்சுபிஷி அடுத்த தலைமுறையை வெளியிட்டது. அது செடியா என்ற பெயரில் திருவள்ளூருக்கு வந்துசேர 2006 ஆகிவிட்டது. இடையில் ஹோண்டா சிட்டியின் உருவமே மாறிவிட்டது. அந்த ஆண்டுகளில் மிட்சுபிஷி ஜப்பானில் குறைகளை மறைத்த விவகாரத்திலும் கடனிலும் சிக்கித் தவித்தது. இந்தியாவுக்கு என்ன செய்வது என்று யோசிக்க அங்கே ஆள் இல்லை. யோசிக்க ஆள் இருந்த திருவள்ளூரில் அதிகாரம் இல்லை.

அதே 1998 செப்டம்பரில், அங்கிருந்து சில மணி நேரப் பயணத் தொலைவுகூட இல்லாத இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஹூண்டாய் சான்ட்ரோ வந்தது. ஆடோஸ் என்ற கொரியக் காரை அப்படியே கொண்டுவந்து இறக்கவில்லை. முகத்தையும் பின்பக்கத்தையும் இந்தியருக்காக மாற்றினார்கள். உயரமான கூரை, தலைப்பாகை கட்டியவரும் புடவை கட்டியவரும் குனியாமல் ஏறும் கதவு, எரிபொருளை இன்ஜெக்‌ஷனில் தரும் என்ஜின் எல்லாம் இருந்தன. அழகான கார் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் வாங்கினார்கள். கொரியத் துணை நிறுவனங்களும் கூடவே வந்து ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தை நிரப்பின. ஹூண்டாயின் தலைமையகம் சியோலில்தான் இருந்தது. ஆனால் இந்தியா அவர்களுக்கு ஓரத்துச் சந்தை அல்ல, உயிர்ச் சந்தை. சென்னையிலிருந்து போன குறிப்பு சியோலில் படிக்கப்பட்டது.

அந்த ஆண்டின் கடைசியில் பூனாவிலிருந்து டாடா இண்டிகா வந்தது. இந்திய நிறுவனம் தானே முன்னின்று உருவாக்கிய கார். அதன் உடலை வரைந்தது இத்தாலியின் டூரினில் உள்ள ஒரு வடிவமைப்பு நிறுவனம். இதைச் சொல்லி இண்டிகா இந்தியக் கார் இல்லை என்று வாதிட்டவர்கள் அன்றைக்கு உண்டு. எனக்கு அந்த வாதம் புரிவதில்லை. கோடு போடும் கையை வாடகைக்கு எடுக்கலாம். எந்தக் கோட்டை வைத்துக்கொள்வது, எதை அழிப்பது என்பதைச் சொல்ல வேண்டியவர் ரத்தன் டாடா, சொன்னவரும் அவரே. முதல் ஆண்டுகளில் இண்டிகாவில் குறைகள் ஏராளம். வாங்கியவர்கள் திட்டித் தீர்த்தார்கள். 2001-ல் வி2 என்று திருத்திக் கொண்டுவந்தார்கள். இந்தத் திருத்தத்துக்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியிருக்கவில்லை. லான்சர் முதல் நாளே நல்ல கார், ஆனால் திருத்த வழியில்லாத கார். இண்டிகா முதல் நாள் மோசமான கார், ஆனால் திருந்தக்கூடிய கார். இருபது ஆண்டு கழித்து எந்தக் கம்பெனி நிற்கிறது என்று எல்லோருக்கும் தெரியும்.

1998-ஐ விட்டுப் போக மனமில்லை. அதே ஆண்டில்தான் பாடியில் உள்ள சுந்தரம் கிளேட்டன் தரத்துக்கான ஜப்பானின் டெமிங் பரிசை வாங்கியது. அதைப் பெற்ற முதல் இந்திய நிறுவனம் அதுதான். பாடி இப்போது சென்னை மாநகரம். அன்றைய நிர்வாகக் கணக்கில் திருவள்ளூர் மாவட்டத்து அம்பத்தூர் வட்டம். அங்கே 1960களிலிருந்து லூகாஸ் டிவிஎஸ், பிரேக்ஸ் இந்தியா, வீல்ஸ் இந்தியா, சுந்தரம் ஃபாஸ்ட்னர்ஸ் என்று வரிசையாக ஆலைகள். கொஞ்சம் தள்ளி அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத்து வைத்திருக்கும் சின்னப் பட்டறைகள் அவர்களுக்கு ஜாப் ஒர்க் செய்தன. ஒரு போல்ட்டின் மரையில் நூலளவு பிசகினால் கேஜ் உள்ளே போகாது, பெட்டியோடு திரும்பி வரும். அப்படித் திரும்பி வந்த பெட்டிகளில்தான் இந்த வட்டாரம் தரம் படித்தது. பின்னால் 2001, 2003, 2004 ஆகிய ஆண்டுகளில் சென்னையைச் சுற்றியுள்ள உதிரிபாக நிறுவனங்கள் டெமிங் பரிசு வாங்கின. சுந்தரம் ஃபாஸ்ட்னர்ஸ் ஜெனரல் மோட்டார்ஸுக்கு ரேடியேட்டர் மூடி அனுப்பி அவர்களின் சிறந்த சப்ளையர் விருதுகளைப் பெற்றது.

ஒரு மாவட்டத்தில் உலகத் தரத்தில் பிரேக் செய்கிறார்கள், போல்ட் செய்கிறார்கள், காரும் பூட்டுகிறார்கள். ஆனால் அந்தக் கார் விற்கவில்லை. இந்தியத் தொழிலாளிக்குத் தரம் வராது என்ற பழைய குற்றச்சாட்டை இனிமேலாவது தூக்கிப் போட வேண்டும்.

தரம் என்பதற்கு மோதல் சோதனையின் நட்சத்திரத்தை அளவுகோலாக வைத்தாலும் இதேதான் தெரிகிறது. 2014 ஜனவரியில் குளோபல் என்கேப் அமைப்பு இந்தியாவில் விற்ற ஐந்து சின்னக் கார்களைத் தடுப்பில் மோதிப் பார்த்தது. மாருதி ஆல்டோ, ஹூண்டாய் ஐ10, ஃபோர்டு ஃபிகோ, ஃபோக்ஸ்வேகன் போலோ, டாடா நானோ. ஐந்துக்கும் பூஜ்யம். ஜெர்மன் போலோவுக்கும் பூஜ்யம், இந்திய நானோவுக்கும் பூஜ்யம். ஐரோப்பாவில் ஐந்து நட்சத்திரம் வாங்கிய போலோ இங்கே ஏர்பேக் இல்லாமல் வந்தது, ஏனென்றால் இங்கே அது வேண்டாம் என்று யாரோ முடிவு செய்தார்கள். ஐந்து ஆண்டுக்குள்ளேயே, 2018 டிசம்பரில், ஐந்து நட்சத்திரம் வாங்கிய முதல் இந்தியத் தயாரிப்பாக வந்தது டாடா நெக்ஸான். பிற்பாடு மஹிந்திரா எக்ஸ்யூவி300. வெளிநாட்டுப் பெயர்களில் பல பின்னால் ஓடிவர வேண்டியதாயிற்று. 2023 அக்டோபரில் பாரத் என்கேப் தொடங்கியபோது முதலில் சோதனைக்கு வந்து ஐந்து நட்சத்திரத்தோடு போனவையும் டாடாவின் ஹாரியர், சஃபாரி.

திருவள்ளூர்க் கார்களுக்கு இதில் கசப்பு உண்டு. அங்கே செய்த சிட்ரோன் இசி3 மின்சாரக் காருக்கு 2024 மார்ச்சில் குளோபல் என்கேப் பெரியவர் பாதுகாப்பில் பூஜ்யம் கொடுத்தது. அதே ஆலையின் பசால்ட், ஆறு ஏர்பேக்கோடு வந்து, அந்த ஆண்டே பாரத் என்கேப்பில் நான்கு நட்சத்திரம் வாங்கியது. ஆலையும் ஆட்களும் மாறவில்லை. எதைப் போடுவது என்ற முடிவு மட்டும் மாறியது.

சிட்ரோன் இங்கே வந்த வழியையும் சொல்ல வேண்டும். மிட்சுபிஷி கார் பூட்டிய திருவள்ளூர் ஆலை 2013 முதல் இசுசுவுக்கு ஒப்பந்தத்தில் வண்டி பூட்டியது. 2016 ஏப்ரலில் இசுசு ஸ்ரீசிட்டியில் சொந்த ஆலை திறந்ததும் அந்த வேலை போயிற்று. ஸ்ரீசிட்டி கும்மிடிப்பூண்டியைத் தாண்டி ஆந்திர எல்லைக்குள். ஆரம்பாக்கத்து ஆட்கள் கம்பெனி பஸ் ஏறி அன்றாடம் எல்லை தாண்டி வேலைக்குப் போய்வரும் தூரம். இதற்கிடையே 2014 மே மாதம் உத்தரபாராவில் அம்பாசடர் நின்றது. 2017-ல் சிட்ரோனைத் தன் குடையில் வைத்திருந்த பெஜோ நிறுவனம் அம்பாசடர் பெயரை 80 கோடி ரூபாய்க்கு வாங்கியது. அதே ஆண்டில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸை நடத்திய சி.கே. பிர்லா குழுமத்தோடு சேர்ந்து திருவள்ளூர் ஆலையில் ஆண்டுக்கு ஒரு லட்சம் கார் திறனோடு தொடங்குவதாக அறிவித்தது. பெஜோவுக்கு இது மூன்றாவது முயற்சி. 1990களில் பிரீமியரோடு 309 செய்து கைவிட்டார்கள். 2011-ல் குஜராத்தின் சானந்தில் ஆலை என்று அறிவித்து அதையும் கைவிட்டார்கள்.

2021-ல் முதலில் வந்த சி5 ஏர்கிராஸ், துண்டுகளாக வந்து திருவள்ளூரில் பூட்டப்பட்ட கார். விலை 30 லட்சத்தை ஒட்டி. 2022 ஜூலையில் வந்த சி3 தான் உண்மையான பந்தயம். 90 சதவீதத்துக்கு மேல் உள்நாட்டுப் பாகங்கள், 5.71 லட்சத்தில் தொடக்கம். இந்தக் காரில் ஏறிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், சஸ்பென்ஷன் அபாரம். திருத்தணி ரோட்டில் பள்ளம் வந்தால் வண்டி பள்ளத்தைத் தின்றுவிட்டு ஒன்றும் நடக்காததுபோல் போகும். பிரெஞ்சுக்காரர்களுக்கே உரிய வித்தை அது.

ஆனால் அந்த முதல் சி3-ன் பின்சீட்டில் உட்கார்ந்து கண்ணாடியை இறக்கக் கதவைத் தடவினால் அங்கே பொத்தான் இருக்காது. முன்சீட்டுகள் இரண்டுக்கும் நடுவே, பின்பக்கமாக, தாழ்வான இடத்தில் வைத்திருந்தார்கள். ஒயர் மிச்சம், செலவு மிச்சம். என்ஜின் எத்தனை சுற்றில் ஓடுகிறது என்று காட்டும் மீட்டர் தொடக்கத்தில் இல்லை. பின்கண்ணாடிக்கு வைப்பர் இல்லை. பக்கக் கண்ணாடியைச் சுவிட்சில் திருப்ப வழியில்லை. இதே விலையில் மாருதியிலும் டாடாவிலும் இவையெல்லாம் இருந்தன. ஷோரூமில் பத்து நிமிடம் உட்கார்ந்துவிட்டு எழுந்து போகிற நடுத்தரக் குடும்பத்துக்குச் சஸ்பென்ஷனின் அருமை சொல்லிப் புரியாது. பொத்தான் இல்லாதது சொல்லாமலே புரியும். காரில் ஏறி அமரும் அப்பாவுக்கு அது வாழ்நாளில் ஒருமுறை வாங்கும் பொருள். அங்கே சிக்கனம் தெரிந்தால் அவமதித்ததுபோல் எடுத்துக்கொள்வார். ஐந்து லட்சம் ஆறு லட்சத்துக்குக் கார் வாங்குபவர் ஏழை அல்ல, கணக்குப் பார்ப்பவர். இந்த வித்தியாசம் பாரிஸிலிருந்து பார்த்தால் தெரியாது.

அடுத்த ஆண்டே பல வசதிகளைச் சேர்த்தார்கள். பசால்ட்டிலும் முதல் சி3 செய்த சிக்கனங்களில் பல குறைந்தன. ஆனால் முதல் அபிப்பிராயத்தை மாற்றுவது கஷ்டம், அதுவும் கடைகள் குறைவாக இருக்கும்போது. சர்வீஸ் சென்டர் பக்கத்து ஊரில் இல்லை, விற்கப் போனால் ரீசேல் வராது என்று அக்கம்பக்கத்தில் ஒருவர் சொன்னால் போதும். தொடக்கத்தில் சொன்ன இரண்டு கார்களில் கர்வ்கூட விற்பனைப் பட்டியலின் உச்சிக்குப் போகவில்லை. சரிந்த கூரை நம் ஊர்ப் பின்சீட்டுக்காரர்களுக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை போலும்.

வெளிநாட்டு நிறுவனம் என்றாலே இப்படித்தான் என்று முடிவு கட்டவும் முடியாது. ரெனோவின் க்விட் அதற்குச் சாட்சி. அதன் தலைமைப் பொறியாளர் ஜெரார் தெதுர்பே சென்னையில் வந்து குடியிருந்து, இங்குள்ள குழுவையும் சப்ளையர்களையும் வைத்து ஒவ்வொரு பாகத்துக்கும் விலை பேசி அந்தக் காரை உருவாக்கினார். 2015-ல் இரண்டரை லட்சத்தைச் சற்றே தாண்டிய விலையில் வந்தது. சின்ன எஸ்யூவி போன்ற தோரணை, நடுவில் தொடுதிரை. ஆல்டோ வாங்கப் போனவர்கள் நின்று பார்த்தார்கள். 2016-ல் அதற்கும் மோதல் சோதனையில் பூஜ்யம் வந்தது என்பதையும் மறைக்கக் கூடாது. எதை விடுவது என்ற முடிவு அங்கேயும் எடுக்கப்பட்டது. முடிவு உள்ளூரில் எடுக்கப்படுவதால் மட்டும் அது நல்ல முடிவாகிவிடாது. கார் விற்கும், அவ்வளவுதான்.

மறுபக்கம் மஹிந்திரா. 2002-ல் ஸ்கார்பியோவைத் தன் ஆட்களையும் வெளி சப்ளையர்களையும் வைத்துச் செய்தபோது, ஜீப்புக்காரர்களுக்கு எதற்கு இந்த வேலை என்று கேட்டவர்கள் இருந்தார்கள். பத்தாண்டில் செங்கல்பட்டு அருகே மஹிந்திரா வேர்ல்ட் சிட்டியில் ஆராய்ச்சி மையம் எழுந்தது. செய்யாறு பக்கம் சோதனைத் தடமும் வந்தது. 2024 நவம்பரில் அவர்களின் மின்சாரக் கார்கள் இரண்டும் சென்னையில் அரங்கேறின. வடிவமைப்பு ஸ்டுடியோ ஒன்று பிரிட்டனில் இருக்கிறது, ஆனால் அதற்குச் சம்பளம் கொடுப்பதும் கட்டளை இடுவதும் இங்கிருந்து. இந்த மாதிரிக்கு முன்னோடி திருவொற்றியூரில் இருக்கிறது. பிரிட்டிஷ் தாய் நிறுவனம் செத்துப் பல காலம் கழித்தும் ராயல் என்ஃபீல்ட் ஆலை பழைய புல்லட்டையே செய்துகொண்டிருந்தது. ஆயில் ஒழுகினால்தான் உள்ளே ஆயில் இருக்கிறது என்று அர்த்தம் என்று அதன் பக்தர்களே கேலி பேசுவார்கள். ஐஷர் கைக்கு வந்து, என்ஜினைப் புதிதாகச் செய்து, 2009-ல் கிளாசிக் வந்த பிறகு கேலி அடங்கியது. இப்போது அவர்களின் தொழில்நுட்ப மையம் இங்கிலாந்தில். அங்கே வரைந்து சென்னைக்கு அருகில் செய்த 650 சிசி வண்டி பிரிட்டனின் விற்பனைப் பட்டியலிலேயே முன்வரிசைக்கு வந்தது. வெளிநாட்டு மூளையை வைத்துக்கொள்வதில் வெட்கம் ஒன்றும் இல்லை, சாவி நம்மிடம் இருந்தால்.

சுவர் எதைச் சாதிக்கும், எதைச் சாதிக்காது என்று பார்க்கக் கும்மிடிப்பூண்டிக்குப் பக்கத்தில் தேர்வாய்க் கண்டிகை இருக்கிறது. அங்கே சிப்காட் வளாகத்தில் மிஷலின் லாரி டயர் ஆலை. மேய்ச்சலுக்கும் காட்டுக்கும் இருந்த நிலம் போகிறதே என்று ஊர்க்காரர்கள் போராடியதை மீறி வந்த ஆலை அது. 2020 ஜூனில் மத்திய அரசு டயர் இறக்குமதிக்கு லைசென்ஸ் கட்டுப்பாடு கொண்டுவந்தது. கார் டயரை வெளியிலிருந்து கொண்டுவந்து விற்ற நிறுவனங்களுக்குக் கை கட்டிப்போட்டதுபோல் ஆயிற்று. 2024-ல் மிஷலின் தன் இந்த ஆலையில் 564 கோடி ரூபாய் போட்டுக் கார் டயரும் செய்வதாக அறிவித்தது. வேலை வந்தது, நல்லது. ஆனால் எந்த ரப்பர்க் கலவை, எந்த டிரெட் வடிவம், எந்த ரோட்டுக்கு என்ற தீர்மானம் சுவர் எழுப்பியதால் மட்டும் இங்கே வந்துவிடாது. அம்பாசடர் காலத்தில் வராத மாதிரியே.

இந்தச் சுவர் இப்போது இறங்குகிறது. 2025 ஜூலையில் பிரிட்டனோடு கையெழுத்தான ஒப்பந்தப்படி, குறிப்பிட்ட எண்ணிக்கைக்குள் வரும் கார்களுக்கு வரி படிப்படியாக 10 சதவீதத்துக்கு வரும். 2026 ஜனவரியில் முடிவுக்கு வந்த ஐரோப்பிய ஒன்றியப் பேச்சிலும் கார் வரிக்கு இதே மாதிரி ஏற்பாடுதான். உடனே பயப்பட ஒன்றுமில்லை. முதலில் வருபவை விலை உயர்ந்த கார்கள், பத்து லட்சத்துச் சந்தையை அவை தொடாது. பதினைந்து இருபது லட்சத்தில் கார் விற்கும் மஹிந்திராவும் டாடாவும்தான் கொஞ்சம் தூக்கம் கெடுவார்கள். கெடட்டும். 2018 முதல் அவர்கள் நட்சத்திரம் வாங்கியது போட்டியால்தான்.

போட்டி என்றால் உள்ளே வருவது மட்டுமா? அத்திப்பட்டைத் தாண்டிப் போனால் காமராஜர் துறைமுகம். 2010 முதல் நிஸ்ஸான் தன் சென்னைக் கார்களை அங்கிருந்து கப்பலேற்றுகிறது. முகத்தில் வெள்ளை பிளாஸ்டிக் ஒட்டிய புதுக் கார்கள் வெயிலில் வரிசை கட்டி நிற்கும். ஓட்டுநர்கள் ஒவ்வொன்றாக எடுத்துக் கப்பலின் சாய்தளத்தில் ஏற்றி, பெல்ட் போட்டுக் கட்டும் ஆட்களிடம் விட்டுவிட்டு, ஒரே வேனில் கூட்டமாகத் திரும்பி வருவார்கள். மீண்டும் ஒரு வரிசை. திருவள்ளூர் இசி3-ம் 2024-ல் இந்தோனேசியாவுக்குக் கப்பலேறியது. சென்னையில் செய்த காரை மெக்சிகோவிலும் தென்னாப்பிரிக்காவிலும் ஓட்டுகிறவர் அதை இந்தியக் கார் என்று நினைப்பதில்லை, ஜப்பான் கார் என்று நினைத்தே வாங்குகிறார். குறை சொல்வதில்லை.

முடிவு எங்கே எடுக்கப்படுகிறது என்ற இந்த விஷயத்தில் தமிழ்நாட்டு அரசு ஒன்றைத் தவறவிடுகிறது. ஒவ்வொரு புரிந்துணர்வு ஒப்பந்தத்திலும் இரண்டு எண்கள்தான் செய்திக்குறிப்பில் வரும்: எத்தனை கோடி முதலீடு, எத்தனை பேருக்கு வேலை. சிட்ரோனின் இன்றைய தாய் நிறுவனமான ஸ்டெல்லாண்டிஸ் 2,000 கோடி போடுவதாகச் சொன்னபோதும் அப்படியே. மூன்றாவதாக ஒரு கேள்வி கேட்க வேண்டும். வரப்போகும் மாடலின் பின்கதவில் பொத்தான் வைக்கலாமா வேண்டாமா என்று முடிவெடுக்கும் ஆள் எந்த ஊரில் உட்காருவார்? ரெனோ 2025-ல் சென்னையில் வடிவமைப்பு மையம் திறந்தது, அது சரியான திசை. டைடல் பார்க்கில் டிட்கோ நடத்தும் டான்கேம் போன்ற மையங்களில் பொறியியல் பிள்ளைகள் டிசைன் மென்பொருள் பழகுகிறார்கள், அதுவும் சரி. ஆனால் திரையில் வரைந்ததைத் தகடாக மாற்ற டை வேண்டும். ஒரு காரின் வெளிப்புறத் தகடுகளுக்கான பெரிய டைகளில் பல இன்னமும் கொரியாவிலும் ஜப்பானிலும் சீனாவிலும் வெட்டி வருகின்றன. ஃபெண்டரில் ஒரு வளைவை மாற்ற வேண்டுமென்றால் கப்பல் வரும்வரை காத்திருக்க வேண்டும். அம்பத்தூர் டூல் ரூம்களில் சின்ன டைக்குக் கை தேர்ந்தவர்கள் இருக்கிறார்கள். பெரிய பிரஸ்ஸும் பெரிய மில்லிங் இயந்திரமும் வாங்கக் கடனும், ஆறு மாதம் தாங்கிக்கொள்ளும் ஆர்டரும் கிடைத்தால் அவர்கள் அதையும் வெட்டுவார்கள். கும்மிடிப்பூண்டியில் இரும்பு உருக்கும் ஆலைகளுக்குப் பஞ்சமில்லை, சிப்காட்டில் இடத்துக்கும் பஞ்சமில்லை. அடுத்த மானியக் கோப்பு அந்தப் பக்கம் போகலாம்.